திருநீர்மலைக்கு மேலே ஓர் ஓடை

அடையாறு என்றதும் சென்னைவாசிக்கு நினைவுக்கு வருவதெல்லாம் ஆற்றின் கீழ்ப்பகுதிதான். சைதாப்பேட்டைப் பாலம், கோட்டூர்புரம், முகத்துவாரம். எழுதப்பட்ட வரலாறும் அங்கேதான் குவிந்து கிடக்கிறது. 1726இல் ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் கட்டிய மர்மலாங் பாலம், 1746இல் பிரெஞ்சுப் படைக்கும் ஆற்காட்டு நவாபின் படைக்கும் முகத்துவாரத்தருகே நடந்த சண்டை, 1882இல் தென்கரையில் குடியேறிய பிரம்மஞான சபை என்று அதற்குப் பக்கம் பக்கமாகக் கதை உண்டு. ஆனால் சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆற்றின் மேல்பகுதி, திருநீர்மலைக்குத் தெற்கிலும் மேற்கிலும் குன்றத்தூர் வட்டத்து ஊர்களுக்கு நடுவே ஒரு சாதாரண ஓடையாகத்தான் ஓடுகிறது. வருடத்தில் பல மாதம் அதில் முழங்கால் தண்ணீர்கூட இருப்பதில்லை. சீமைக்கருவேலமும் கோரையும் மண்டிய அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஆறு என்று வெளியூர்க்காரர் யாரும் சொல்ல மாட்டார். சென்னையின் தெற்குப் புறநகர் எப்போது மூழ்கும், எப்போது தப்பிக்கும் என்பதை முடிவு செய்வது அந்தப் பள்ளமே என்பதும், அதை ஆறாகப் பார்க்கிறவரை அதன் போக்கு நமக்குப் பிடிபடாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அடையாற்றுக்கு மலையில் ஊற்றுக்கண் எதுவும் கிடையாது. ஏரிகளில்தான் அது பிறக்கிறது. கூடுவாஞ்சேரியை ஒட்டிய நந்திவரம், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் ஒரு கிளை. ஒரத்தூர், மணிமங்கலம், படப்பை பக்கத்திலிருந்து வருவது இன்னொன்று. இவை சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வடக்கு நோக்கி நகர்கின்றன. சோமங்கலம் சுற்றுவட்டாரத்து உபரியும் இதில்தான் கலக்கிறது. வடமேற்கிலிருந்து வருவது செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய். மழைக்காலத்தில் ஏரியைத் திறக்கும்போதெல்லாம் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படும் ஊர்களின் வரிசை இப்பகுதிக்காரர்களுக்கு மனப்பாடம்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், வழுதலம்பேடு, திருமுடிவாக்கம், திருநீர்மலை. அந்த வரிசையே கால்வாயின் பாதை. திருநீர்மலையருகே இரண்டு நீரும் ஒன்றாகி, அனகாபுத்தூர், பொழிச்சலூர், விமான நிலையம், மணப்பாக்கம், நந்தம்பாக்கம் என்று கிழக்கே திரும்பிக் கடலுக்குப் போகின்றன. ஆகக் குன்றத்தூரின் தெற்கே இரண்டு ஓடைகள். ஒன்றுக்கு ஷட்டர் உண்டு, அதைத் திறந்து மூடப் பொறியாளர்கள் உண்டு, எத்தனை கன அடி என்ற கணக்கும் உண்டு. மற்றொன்றுக்கு ஏரிக் கலங்கல்களைத் தவிரக் காவல் எதுவும் கிடையாது.

இந்த நிலத்தின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். குன்றத்தூர், திருநீர்மலை, பல்லாவரம், பரங்கிமலை என்று ஆங்காங்கே தனித்தனியாக எழுந்து நிற்கும் கல்குன்றுகள். நிலவியலாளர்கள் சார்னோகைட் என்று அழைக்கும் பாறைக்குப் பெயர் வைக்கப்பட்டதே இப்பகுதிக் கல்லை வைத்துத்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக்குப் போன கல் பல்லாவரத்துக் கல்; அவர் பெயரே பாறைக்கும் ஆனது. அதே பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதாவது, மனிதர்கள் இந்தக் குன்றுகளை அண்டி வாழத் தொடங்கியது நேற்று இன்றல்ல. குன்றுகளுக்கு இடையில் கிடப்பதோ ஏறக்குறைய தட்டையான சமவெளி. கடலை நோக்கி மிக மெல்லிய சரிவு. மழையோ ஆண்டு முழுதும் பரவிப் பெய்வதில்லை. சென்னையின் ஆண்டுச் சராசரி சுமார் 140 சென்டிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சரிவு குறைந்த நிலத்தில் இப்படி மொத்தமாக விழும் நீர் ஒரே பள்ளத்தைத் தேடி ஓடுவதில்லை; அகலமாகப் பரவி, மெதுவாக நகரும். அதைத் தன்போக்கில் விட்டால் மூன்று மாதம் சதுப்பு, ஒன்பது மாதம் வறட்சி. திருநீர்மலைத் தலபுராணம் ஒரு செய்தி சொல்கிறது. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்ததாம், அது வடிய ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தாராம். புராணத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாதுதான். ஆனால் அந்தக் கதையை உண்டாக்கியவர்கள் அந்த நிலத்தின் குணத்தை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. இரண்டு நீர்வழிகள் சந்திக்கும் இடம் அது.

இந்த நிலத்துக்குத் தொண்டைமண்டல மக்கள் கண்ட வழி ஏரி. சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை. மேலேயிருந்து நீரைக் கொண்டுவர வரத்துக் கால்வாய். கீழே வயலுக்கு விட மதகு. கரையின் ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய கலங்கல். ஏரி நிரம்பியதும் மிச்ச நீர் கலங்கல் வழியே தானாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அங்கே நிரம்பினால் அதற்கடுத்த ஏரி. சிற்றேரி, பெரிய ஏரி, தாங்கல் என்று படிப்படியாக இறங்கி, கடைசி ஏரியும் ஏற்காத நீர் மட்டுமே ஓடையில் விழும். செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொன்னது இதனால்தான். இங்கேதான் அடையாற்றின் மேல்பகுதியைப் பற்றிய முக்கியமான உண்மை இருக்கிறது. நிலப்படத்தில் நாம் காணும் நீலக்கோடு, நூற்றுக்கணக்கான ஏரிகள் வேண்டாமென்று விட்ட நீர் போகும் வழி. வெள்ளத்தின் பெரும்பகுதி கோட்டில் ஓடக் கூடாது, கோட்டுக்கு வெளியே தங்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் அடிப்படை. ஓடையின் குறுகலைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன வழியில் இவ்வளவு நீர் எப்படிப் போகும் என்று கேட்கிறவர்கள், அந்த வழிக்கு அவ்வளவு நீரை அனுப்பும் எண்ணமே முன்னோருக்கு இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இது பிற்காலத்தவர் கற்பனையாகச் சேர்த்த பெருமை என்று ஒருவர் சந்தேகப்படலாம். கல்லில் இருக்கிற சான்றுகளைப் பார்ப்போம். இந்த ஓடையின் தலைப்பகுதியில் இருக்கும் மணிமங்கலம், ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேட்டில் இடம்பெறும் ஊர். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது. பக்கத்திலுள்ள சோமங்கலத்தில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, மழையில் ஏரிக்கரை உடைந்ததையும், அதை ஒருவர் அடைத்துக் கொடுத்ததையும், பின்னர் ஆண்டுதோறும் ஏரியைப் பேண ஊர்ச்சபையிடம் முதல் வைத்ததையும் பதிவு செய்கிறது. உடைப்பை அடைத்ததோடு அவர் நிற்கவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. வட்டியிலிருந்து வருடாவருடம் வேலை நடக்க ஏற்பாடு செய்தார். பராமரிப்புக்குத் தனி நிதி வேண்டும் என்று இன்றைய நீர்வளப் பொறியாளர் மன்றாடுவதை 12ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கிராமம் செய்திருக்கிறது. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையை விவரிப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் குடவோலை முறையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த ஓலையில் தேர்வானவர்களுக்கு என்ன வேலை என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு.

இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. குன்றத்தூரின் புகழ்பெற்ற மகன் சேக்கிழார். புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர் நாட்டில் பிறந்து, அநபாய சோழனின் அமைச்சராக இருந்து, 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடியவர். அவர் தம் ஊரில் எழுப்பிய திருநாகேச்சரம் கோயில் இன்றும் இருக்கிறது. திருக்குறிப்புத் தொண்டர் புராணத்தில் தொண்டைநாட்டை விரிவாக வருணிக்கும் அவர், பாலாற்றைப் பற்றிச் சொல்லும் இடத்தில், கோடையில் உழவர்கள் மணலைக் கையால் வருடித் தோண்ட, ஊறிய நீர் கால்வாய்களில் பாய்வதைக் காட்டுகிறார். காவிரி நாட்டு அரசவையில் இருந்த ஒருவர், தம் சொந்த நாட்டு ஆற்றைப் பெருக்கெடுத்து வருவதாக மட்டும் பாடிவிட்டுப் போகாமல், கை வைத்தால்தான் நீர் தரும் ஆறாகவும் பாடியிருப்பது தற்செயல் இல்லை. தொண்டைநாட்டில் நீர் என்பது உழைப்பின் விளைவு என்பது அமைச்சருக்குத் தெரிந்திருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1763இல் செங்கல்பட்டு ஜாகீரைப் பெற்றபின், 1767 முதல் தாமஸ் பர்னார்ட் ஊர் ஊராக அளந்து எழுதிய கணக்கில் ஏரிகளும் அவற்றின் பரப்பும் இடம்பெற்றன. வரி வசூலிக்க வந்தவர்களுக்கும் ஏரியே முதல் கணக்கு. 1794இல் கலெக்டரான லயனல் பிளேஸ் பழுதான ஏரிகளைப் பெருமளவில் சீரமைத்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை உடையாமல் ராமர் காத்தார் என்ற கதையில் வரும் கலெக்டர் அவர்தான். பக்தர்கள் ராமரைக் கொண்டாடுகிறார்கள், நியாயம்தான். கரையில் மண் சுமந்தவர்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அது வழி செய்தது. ஊரார் தாமாகவே ஏரியைப் பராமரித்துவந்த குடிமராமத்து தளர்ந்துபோனது என்பதற்கு அந்தச் சட்டமே ஒப்புதல் வாக்குமூலம். பழுது அன்றே தொடங்கிவிட்டது.

இனி 2015. டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அதிகபட்சமாக விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தமிழகம் ஒரே கேள்வியை விவாதித்தது: ஷட்டரை ஏன் முன்கூட்டியே திறக்கவில்லை? 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கையும் ஏரியை இயக்கிய விதத்தைக் கடுமையாகக் குறை கூறியது. அந்தக் கேள்வி தேவையானது, அதை இங்கே யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் செம்பரம்பாக்கம் உபரிநீர் கலக்கும் இடத்துக்கு மேலே, தெற்கே இருக்கின்றன. அந்த ஊர்களை மூழ்கடித்த நீர் ஒருபோதும் செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்ததில்லை. அது ஆதனூர், ஒரத்தூர், மணிமங்கலம் பக்கத்து நீர். கீழே சைதாப்பேட்டையில் வீடுகளைக் கொண்டுபோன வெள்ளத்திலும் அந்தக் கிளையின் பங்கு கலந்திருந்தது. ஷட்டர் இருந்த ஓடையைப் பற்றி விசாரணை நடந்தது, ஷட்டர் இல்லாத ஓடைக்கு விசாரிக்க ஆளே இல்லை.

கீழே செம்பரம்பாக்கம் நீர் ஆற்றை நிரப்பிவிட்டதால், மேலேயிருந்து வந்த நீர் வடிய வழியின்றித் தேங்கியிருக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. திருநீர்மலையை ஒட்டிய தாழ்வான இடங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் நாட்களின் வரிசையைப் பாருங்கள். 2015 நவம்பர் நடுவிலேயே, அந்த 29,000 கன அடிக்கு இரண்டு வாரம் முன்பே, முடிச்சூர் மக்களைப் படகுகளில் மீட்க வேண்டியிருந்தது. 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் செம்பரம்பாக்கத்திலிருந்து 2015 அளவுக்கு நீர் திறக்கப்படவில்லை. வரதராஜபுரம், முடிச்சூர் பகுதித் தெருக்களில் அப்போதும் தண்ணீர் நின்றது. கீழே அடைப்பு இல்லாதபோதும் மேலே வெள்ளம் வருகிறது என்றால், காரணத்தை மேலேதான் தேட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நூற்றாண்டில் ஒருமுறை பெய்யும் பேய்மழைக்கு எந்த ஏரியும் தாங்காது, நவம்பர் மழையிலேயே எல்லாம் நிரம்பிக் கிடந்தன, நிரம்பிய ஏரி இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டர் மழை 100 சதுர கிலோமீட்டரில் பெய்தால் சேரும் நீர் சுமார் 1,730 மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதாவது அந்த ஏரியில் கிட்டத்தட்டப் பாதியை ஒரே நாளில் நிரப்பும் நீர். இதையெல்லாம் தாங்கல்கள் பிடித்து வைத்துவிடும் என்று சொல்வது பொய்யாகிவிடும். ஆனால் நிரம்பிய ஏரிக்கும் ஒரு வேலை உண்டு. நீர் கலங்கலைத் தாண்டி வெளியேற, ஏரியின் மட்டம் முதலில் உயர வேண்டும். 1 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியில் மட்டம் ஓரடி உயர்ந்தாலே 3 லட்சம் கன மீட்டர் நீர் அங்கே தற்காலிகமாக நிற்கிறது. அது வெளியேறும், ஆனால் மெதுவாக, பல மணி நேரத்தில். இப்படி ஒவ்வொரு ஏரியும் வெள்ளத்தைச் சற்றுத் தாமதப்படுத்தினால், எல்லா நீரும் ஒரே நேரத்தில் முடிச்சூருக்கு வந்து சேராது. வெள்ளத்தில் உயிரைக் குடிப்பது மொத்த நீரின் அளவைவிட அதன் உச்சம். உச்சத்தைக் குறைக்க ஏரியின் ஆழம் மட்டும் போதாது, பரப்பும் வேண்டும். வெள்ளக் காலத்தில் நிரம்பும் ஏரியின் மேல்விளிம்பு நிலங்கள், வருடத்தில் பத்து மாதம் காய்ந்து வீணாகத் தெரிகிற அந்த நிலங்கள்தான் முதலில் மனையானவை.

வயலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏரிக்குக் கீழே இருந்த அயக்கட்டு நெல்வயல்கள் ஒவ்வொன்றும் வரப்பு கட்டிய சின்னத் தொட்டி. வரப்பு ஒரு சாண்கூட வேண்டாம், 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் ஒரு ஹெக்டேர் வயல் 1,500 கன மீட்டர் நீரைப் பிடிக்கும், 100 ஹெக்டேர் ஒன்றரை லட்சம் கன மீட்டர். நெல் இரண்டு மூன்று நாள் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். வீடு அப்படிப் பிழைக்காது. தாம்பரத்துக்கு மேற்கே வயல் மனையாக மாறியபோது, ஒரு பயிர்தானே போனது, நெல்லை வேறெங்கிருந்தாவது வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணினோம். உண்மையில் வெள்ளம் தங்கியிருந்த ஒரு முழு அடுக்கைத்தான் எடுத்தோம். அதற்குமேல் மண் கொட்டி மேடாக்கி, சிமென்ட் தெரு போட்டு, விழும் மழையும் உள்ளே இறங்காதபடி செய்தோம். முன்பு தங்கிய நீரும், புதிதாக உறிஞ்சப்படாமல் போன நீரும் சேர்ந்து அதே குறுகிய ஓடைக்கு வருகின்றன.

ஆக்கிரமிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடுவதும் வழக்கம். கரையோரக் குடிசைகளை அகற்றுவதில் அரசுகளுக்கு எப்போதும் ஓர் உற்சாகம் உண்டு. ஆனால் இந்தப் பகுதியில் மூழ்கிய வீடுகளில் ஏராளமானவை பட்டா நிலத்தில், பத்திரப்பதிவு செய்து, வங்கிக் கடன் வாங்கிக் கட்டியவை. வயல் பட்டா நிலம்தான். அதை மனையாக்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஓடைக்குக் குறுக்கே போனவற்றில் பெரியவை அரசின் சொந்த வேலைகளே. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலமாகப் போகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை இந்த நீர்ப்பிடிப்புச் சமவெளியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. பரவி நகரும் நீருக்குக் குறுக்கே மேட்டுச் சாலை போட்டால், அதன்பின் நீரின் வழியை முடிவு செய்வது நிலம் அல்ல, சாலைக்கு அடியில் விட்ட கண்களின் எண்ணிக்கையும் இடமும். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளையே கருத்தில் கொண்டது. ஊராட்சிகளின் சிற்றேரிகளும் தாங்கல்களும், ஓர் ஏரியை இன்னொன்றோடு இணைக்கும் கால்வாயும் அதே கண்ணால் பார்க்கப்படவில்லை. சங்கிலியில் வளையங்களைக் காத்துவிட்டுக் கொக்கிகளை விட்டுவிட்டோம்.

விவசாயமே போனபின் ஏரி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பழைய ஏரி முறையை அப்படியே மீட்க வேண்டும் என்ற கனவு எனக்கும் கிடையாது. மடை திறந்து வயல் வயலாக நீர் பிரித்த நீர்கட்டிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் காத்த நீரில் அவர்களுக்கென்று நிலம் இருந்தது அபூர்வம். அந்த ஊர் அமைப்பு திரும்ப வர வேண்டியதில்லை. ஆனால் ஏரியின் வேலை பாசனத்தோடு முடியவில்லை. செம்பரம்பாக்கமே இதற்குச் சாட்சி. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் உபரியைப் பெற்று வயலுக்குப் பாய்ச்சிய ஏரி, இன்று சென்னையின் குடிநீர் ஏரி. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் அங்கே இருக்கிறது. தாம்பரம் புறநகரில் கோடை வந்ததும் தெருவுக்குத் தெரு லாரித் தண்ணீர் வருகிறது. அதே தெருவில் டிசம்பரில் படகு போகிறது. இரண்டு பிரச்சினைக்கும் தேவை தேக்கி வைக்கும் இடம்தான் என்பதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை.

2015க்குப் பின் அரசு சும்மா இருந்துவிடவில்லை. வரதராஜபுரம் பக்கம் ஓடையை அகலப்படுத்தினார்கள், கரை கட்டினார்கள், தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள பகுதிகளில் நீரை விரைவாக அடையாற்றில் சேர்க்க மூடுகால்வாய்கள் அமைத்தார்கள். வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்ற மக்களிடம் போய், பொறுங்கள், முதலில் ஏரிச் சங்கிலியைச் சரிசெய்வோம் என்று எந்த அரசும் சொல்ல முடியாது. அதனால் கால்வாய் வேண்டாம் என்பது என் வாதமல்ல. ஆனால் கால்வாய் செய்யும் வேலை என்ன? நீரை வேகமாகத் திருநீர்மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே செம்பரம்பாக்கத்து நீரும் அதே நேரத்தில் வந்தால், முடிச்சூரில் தவிர்த்த வெள்ளம் அனகாபுத்தூருக்கும் சைதாப்பேட்டைக்கும் இடம் மாறும். தேக்கும் வகைத் திட்டமும் ஒன்று இருக்கிறது. ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து ஒரு நீர்த்தேக்கம் அமைக்கும் அத்திட்டம் நிலம் கையகப்படுத்துவதில் சிக்கி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஓடையை அகலப்படுத்தும் வேலைக்குக் கிடைக்கும் வேகம் நீரைத் தேக்கும் வேலைக்குக் கிடைக்கவில்லை. இதில் வியப்பில்லை. கால்வாய் வெட்டினால் அடுத்த தேர்தலுக்குள் காட்ட ஏதாவது இருக்கும். தூர்வாரிய தாங்கலைக் காட்டினால் பள்ளம்தான் தெரியும்.

இடையே நிர்வாக எல்லைகள் வேறு. ஊரப்பாக்கமும் மண்ணிவாக்கமும் செங்கல்பட்டு மாவட்டம். மணிமங்கலம், வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூர் வட்டம். அடுத்திருக்கும் முடிச்சூர் மீண்டும் செங்கல்பட்டு. திருநீர்மலையும் அனகாபுத்தூரும் 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி. அதற்கும் கீழே சென்னை. ஒரு நாள் மழைநீர் கடலுக்குப் போவதற்குள் மூன்று மாவட்டங்களையும் இரண்டு மாநகராட்சிகளையும் பல ஊராட்சிகளையும் கடக்கிறது. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தன் எல்லைக்குள் வந்த நீரைச் சீக்கிரம் அடுத்தவர் எல்லைக்குத் தள்ளிவிடுவதே வெற்றி. மேலே இருப்பவர் தேக்கினால் கீழே இருப்பவர் பிழைப்பார் என்ற கணக்கை எழுத யாருடைய பதிவேட்டிலும் இடமில்லை. சோமங்கலத்துச் சபைக்கும் எல்லை இருந்தது. ஆனால் அதன் கலங்கல் உயரம் மேலும் கீழும் உள்ள ஊர்களைக் கட்டுப்படுத்தியது. ஒருவர் கல்லை உயர்த்தினால் அடுத்தவர் சண்டைக்கு வருவார்.

ஆகவே அடையாற்றின் மேல்பகுதிக்கு வேண்டியது நீரைத் தேக்குவதை முதல் கடமையாகக் கொண்ட, மாவட்ட எல்லை பார்க்காத ஒரே நிர்வாகம். ஒவ்வோர் ஏரிக்கும் வெள்ள விளிம்பு எது என்று அளந்து, மனைப்பிரிவு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தின் கையில் அந்த வரைபடம் இருக்க வேண்டும். எஞ்சியிருக்கும் அயக்கட்டு வயல்களை மூழ்கும் நிலமாகவே வைத்திருக்க விவசாயிக்குப் பணம் கொடுத்தாலும் தகும். வெள்ள நிவாரணமாகக் கொடுப்பதும் சிறிய தொகையில்லை. செம்பரம்பாக்கத்தில் 2015க்குப் பின் ஒரு நல்ல பழக்கம் வந்திருக்கிறது. முழு அளவான 24 அடியை எட்டும்வரை காத்திராமல், 22 அடியை நெருங்கும்போதே படிப்படியாகத் திறக்கத் தொடங்குகிறார்கள். மக்கள் கேள்வி கேட்டதால் வந்த மாற்றம் அது. குன்றத்தூர், தாம்பரம் பகுதியில் மனை வாங்கப் போகிறவர்கள் விற்பவர் காட்டும் வண்ணப் படத்தை ஓரம் வைத்துவிட்டுக் கிராம வரைபடத்தில் ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய் எங்கே போகின்றன என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் வரும் அக்டோபரில் செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி என்று விசாரிக்கும்போது, மணிமங்கலத்திலும் ஆதனூரிலும் ஒரத்தூரிலும் எத்தனை அடி என்றும் சேர்த்துக் கேளுங்கள்.